அச்சா, தாளா: எது பெரிய கண்டுபிடிப்பு?

தாள்பித்தன்:
பழங்காலக் கண்டுபிடிப்புகளைப் பட்டியல் போடுகிறவர்கள் எல்லாரும் ஜெர்மனிக்காரர் குட்டன்பர்க்கின் அச்சுப்பொறியை உச்சியில் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இடம் தாளுக்கு உரியது. கி.பி. 105இல் சாய் லுன், சீனாவின் ஹான் அரசவையில் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை எல்லாவற்றையும் கூழாக்கிச் செய்த தாளைக் காட்டினார். (சீனாவில் அதற்கு முந்தைய தாள் துண்டுகளும் கிடைத்துள்ளன. ஆகவே அவரை முதல் ஆள் என்று சொல்ல மாட்டேன்.) 8ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாக்தாதில் தாள் பட்டறை வந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊரிலும். 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அடித்த பைபிள் ஏறத்தாழ 180 பிரதிகள். முக்கால்வாசி தாளில், மிச்சம் கன்றுத்தோலில். தோல் பிரதி ஒன்றுக்கே 160, 170 கன்றுகள் வேண்டும். தாள் இல்லையென்றால் அந்த எந்திரம் எதன் மேல் அடித்திருக்கும்?

கம்பாசிட்டர்:
எந்திரம், எந்திரம் என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். அழுத்துகிற திருகு திராட்சை பிழியும் ஆலையிலேயே இருந்தது. குட்டன்பர்க்கின் வித்தை எழுத்து வார்ப்பதில்தான். எஃகு முனையில் எழுத்தைச் செதுக்கிச் செம்பில் அடித்தால் குழி கிடைக்கும். அந்தக் குழியைக் கையடக்க வார்ப்புப் பெட்டியில் பொருத்தி, ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி கலந்த உலோகத்தை ஊற்ற வேண்டும். சில நொடிகளில் எழுத்து ரெடி. ஒல்லி எழுத்துக்கும் அகல எழுத்துக்கும் தகுந்தபடி பெட்டியைக் குறுக்கலாம், விரிக்கலாம். ஆனால் உயரம் மாறாது. உயரம் மயிரிழை பிசகினாலும் பக்கத்தில் ஓர் எழுத்து அப்பும், பக்கத்து எழுத்து விழாது. ஈய எழுத்தைக் கையில் தொட்டு அச்சுக் கோத்தவனைக் கேளுங்கள். உலோகத்தில் ஒட்டுகிற எண்ணெய் மையும் சேர்ந்ததால்தான் கதை நடந்தது. 1500க்குள் ஐரோப்பாவில் 200க்கும் மேற்பட்ட ஊர்களில் அச்சகங்கள். தாள் அங்கே அதற்கு முன்பே பல தலைமுறைகளாகக் கிடைத்தது. அப்போது ஏன் இந்த வெள்ளம் வரவில்லை?

தாள்பித்தன்:
அந்தச் செம்புக் குழிக் கதையிலேயே சந்தேகம் உண்டு சார். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பால் நீதமும் பிளேஸ் அகூரா ஆர்க்காஸும் குட்டன்பர்க் காலத்து எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே எழுத்தின் பதிவுகளே ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஒரே குழியில் வார்த்திருந்தால் இவ்வளவு வேறுபாடு வரக்கூடாது. நீங்கள் சொல்லும் முறை பின்னால் வந்தவர்கள் செம்மைப்படுத்தியதாக இருக்கலாம்.

கோதை:
இரண்டு பேரும் ஐரோப்பாவை விட்டு வெளியே வரவே மாட்டீர்களா? சீனாவின் துன்ஹுவாங்கில் கிடைத்த வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் 868இல் மரப்பலகையில் அச்சானது. அதே சீனாவில் பி ஷெங் 1040களிலேயே களிமண்ணில் தனித்தனி எழுத்து செய்து சுட்டார். சீன அறிஞர் ஷென் குவோ எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. கொரியாவின் ஜிக்ஜி என்ற பௌத்த நூல் 1377இல் உலோக எழுத்தில் அச்சானது. பைபிளுக்கு முக்கால் நூற்றாண்டு முன்பு! அதன் இரண்டாம் தொகுதி இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கொரியா திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அது வேறு சண்டை.

கம்பாசிட்டர்:
முந்தியவர் யார் என்பதில் எனக்கு வழக்கே இல்லை, கோதை அக்கா. ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளை வார்த்து, வகைப்படுத்தி, தேடி எடுத்துக் கோக்க வேண்டும். கொரியாவில் அதை அரசவை செய்தது, வேண்டிய நூலை வேண்டிய அளவு அடித்துக்கொண்டது. மைன்ஸில் நடந்ததோ கடன் வாங்கிய தொழில். ஃபுஸ்ட் என்பவர் பணம் போட்டார், 1455இல் வழக்கும் போட்டார். விற்றால்தான் பிழைப்பு என்ற நிலை.

கோதை:
அத்தனை எழுத்தைக் கோப்பது சிரமம் என்றால், மரப்பலகையைத் தாழ்ந்த நுட்பம் என்று பலரும் எழுதுவதை நிறுத்தட்டும். செதுக்கிய பலகையை அடுக்கி வைத்துவிட்டால் ஐம்பது பிரதி இன்று, ஐம்பது பிரதி பத்து வருடம் கழித்து. ஈய எழுத்துக்காரர் கோத்ததைப் பிரித்தாக வேண்டும், அதனால் விற்குமா விற்காதா என்று தெரியாமலே மொத்தமாக அடித்துக் கிடங்கில் பூட்ட வேண்டும். கொரியாவின் ஹேயின்சா கோயிலில் 80,000க்கும் மேற்பட்ட பலகைகள் இன்றும் இருக்கின்றன.

தாள்பித்தன்:
அதுவும் தாளில்தானே அடித்தார்கள்! நான் சொல்ல வருவது இன்னும் எளிமை. அச்சே இல்லாத இடத்திலும் தாள் உலகத்தை மாற்றியது. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வணிகம் செய்த ஆபிரகாம் பென் யீஜூவின் கடிதங்கள் கெய்ரோ கெனிஸாவில், அதாவது அங்கிருந்த யூதர்களின் பழைய தொழுகைக்கூடத்துத் தாள் கிடங்கில், கிடைத்தன. ஏடனிலிருந்து அவருக்குத் தாளையே பரிசாக அனுப்பியிருக்கிறார்கள், இந்தப் பக்கம் தாள் கிடைக்காது என்பதால். கணக்கு, கடன், சரக்குப் பட்டியல், குடும்பச் சண்டை எல்லாம் அதில் இருக்கிறது.

நம் ஊரையும் பாருங்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ நூல் தமிழில் அச்சானது. பிறகு தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, தாளை விழுங்கின. தாள் தட்டுப்பாடு. அதனால் எழுத்தைச் சிறிதாக வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். பக்கத்தில் பொறையாறில் தாள் பட்டறையும் வைத்தார்கள். அங்கே கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை முடிவு செய்தது தாள்!

கம்பாசிட்டர்:
தாள் தீர்ந்ததும் என்ன செய்தார்கள்? எழுத்தை மாற்றி வார்த்தார்கள். வார்க்கத் தெரிந்ததால் தப்பினார்கள். அரபு, துருக்கி நாடுகளைச் சொல்லுங்கள். தாள் அவர்களிடம் ஐரோப்பாவுக்கு முன்பே இருந்தது. இஸ்தான்புல்லில் இப்ராஹிம் முத்தஃபர்ரிகாவின் முதல் துருக்கி நூல் 1729இல்தான் வந்தது. அத்தனை நூற்றாண்டும் தாள் என்ன செய்துகொண்டிருந்தது?

தாள்பித்தன்:
என்ன செய்தது என்றா கேட்கிறீர்கள்? நூலகங்களை நிரப்பியது, நகல் எழுதுகிறவர்களுக்குச் சோறு போட்டது. அது இருக்கட்டும். அதே இஸ்தான்புல்லில் 1493இலேயே யூதர்கள் எபிரேய நூல் அச்சடித்தார்கள், 1567இல் ஆர்மேனியர்களும் தொடங்கினார்கள். உங்கள் ஈய எழுத்து அந்த நகரத்திலேயே 200 வருடத்துக்கு மேல் இருந்தும் துருக்கி மொழியில் ஒரு புத்தகம் வரவில்லை. இதற்கு வார்ப்புப் பெட்டி என்ன பதில் சொல்லும்?

கம்பாசிட்டர்:
அதற்குப் பதில் சுல்தான் சொல்ல வேண்டும், வார்ப்புப் பெட்டி அல்ல. அரபு எழுத்தைக் கோப்பதில் உள்ள சிரமத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். சேரும்போது ஒரே எழுத்துக்கு நான்கு வடிவம் வரும், ஒரு கேஸில் (எழுத்து அடுக்கும் பெட்டியில்) அடங்காது.

கோதை:
எழுதுங்கள். சுல்தானையும் விட்டுவிடாதீர்கள்.