வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: எந்த மாதம் தேட ஆரம்பிப்பது?

காவிரிக்கரை_டீச்சர்:

எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து, கரூர் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், விடுங்கள். வெளிநாட்டுக்குப் போய்ச் சொல்லித்தரலாம் என்று முடிவு பண்ணி, வீட்டிலும் ஒருவழியாகச் சரி என்றுவிட்டார்கள். துபாய், ஷார்ஜா பக்கம் அல்லது தாய்லாந்து, எது அமைந்தாலும் பரவாயில்லை. எப்போது தேடுவது என்பதில்தான் குழப்பம். பத்தாம் வகுப்பு என்பதால் ஏப்ரல் கடைசிவரை இங்கே இருந்தாக வேண்டும். ஏப்ரலில் ரிலீவ் ஆகி மே மாதம் நிதானமாக அப்ளை பண்ணினால் போதும் என்கிறார் கூட வேலை செய்யும் அக்கா. இப்போது, நவம்பரிலேயே ஆரம்பித்தால்தான் உண்டு என்கிறான் சித்தி மகன். ஒரு ஏஜென்ட் என்னடாவென்றால், டூரிஸ்டாகப் பாங்காக்கில் போய் இறங்குங்கள், வேலை எந்த மாதமும் கிடைக்கும், விசாவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

ஷார்ஜா_வாசி:

அமீரகத்தில் ஒரு இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் இருக்கிறேன், ஆள் எடுக்கும்போது டெமோ கிளாஸில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் எனக்கு உண்டு. அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் புது வருடம் ஏப்ரல் தொடக்கத்தில். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட் கடைசியில். ஏப்ரலுக்கான ஆளை டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பார்த்து முடித்துவிடுவோம். அந்த மாதங்களில்தான் சென்னை, கொச்சி ஹோட்டல்களில் நேர்காணல் என்று விளம்பரம் வரும். உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது சகோ, நம் ஊர்ப் பள்ளி ஏப்ரல் கடைசியில் முடிகிறது, இங்கே ஏப்ரல் முதல் வாரமே மணி அடித்துவிடுகிறது. மார்ச்சில் கிளம்பி வா என்போம், உங்கள் கரஸ்பாண்டன்ட் விடமாட்டார். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிற டீச்சரை நானே கொஞ்சம் யோசித்துத்தான் எடுப்பேன், அதுவும் உண்மை.

ஆனால் இன்னொரு வாசல் இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஜூலை, ஆகஸ்ட் இங்கே கோடை விடுமுறை. ஊருக்குப் போகிற டீச்சர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. கல்யாணம், பிரசவம், கணவருக்கு வேறு நாட்டில் வேலை, காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆகஸ்ட் நடுவில் பிரின்சிபால் பட்டியலோடு உட்கார்ந்துகொண்டு, "பேப்பர் ரெடியாக யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பார். நன்றாகப் பாடம் எடுப்பவர் யார் என்பது அடுத்த கேள்விதான், முதல் கேள்வி பேப்பர். ஏனென்றால் டிகிரி அட்டெஸ்டேஷன், அதாவது பட்டம் உண்மையானதுதான் என்று அரசு அலுவலகங்களில் முத்திரை வாங்குவது, முடியாத ஆளை எடுத்தால் செப்டம்பர் முழுக்க வகுப்பு காலியாகக் கிடக்கும்.

பல நாடுகளுக்குப் போதுமான அப்போஸ்டில் என்கிற ஒற்றை முத்திரையை மட்டும் வைத்து இங்கே வேலை நடக்காது. தமிழ்நாடு அரசில் சரிபார்ப்பு, அப்புறம் நம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் டெல்லியில் அமீரகத் தூதரகம், கடைசியில் இங்கே வெளியுறவு அமைச்சகம். எம்.ஏ., பி.எட். இரண்டில் எதையாவது தபால் வழியில் படித்திருந்தால் இப்போதே சொல்லுங்கள், ரெகுலரா தபாலா என்ற கேள்வி கண்டிப்பாக வரும். சம்பளம் பெரும்பாலான இந்தியப் பள்ளிகளில் 3,000 முதல் 5,000 திர்ஹாம் என்ற அளவில்தான். வீட்டு வாடகை தெரியாமல் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

கோராட்_குமரன்:

அந்த ஏஜென்ட் நம்பரை முதலில் பிளாக் பண்ணுங்கள்.

தாய்லாந்தில் எந்த மாதமும் வேலை கிடைக்கும் என்பது பாதி உண்மை. நடுவில் ஓடிப்போன ஆளுக்குப் பதில் ஆள் தேடும் பள்ளி எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும்தான். ஆனால் அந்த ஆள் ஏன் ஓடினார் என்றும் கேட்க வேண்டும் இல்லையா? அரசுப் பள்ளிகளின் கணக்கு தெளிவானது: முதல் பருவம் மே 16, இரண்டாம் பருவம் நவம்பர் 1. சில தனியார் பள்ளிகள் நாள் முன்னே பின்னே வைத்துக்கொள்ளும், சர்வதேசப் பள்ளிகள் ஆகஸ்டில் தொடங்கும். மே மாதத்துக்கான விளம்பரம் பிப்ரவரியில் சூடு பிடித்து ஏப்ரல் வரை ஓடும், நவம்பருக்கானது செப்டம்பர் வாக்கில். உங்களுக்கு மே பருவம் நன்றாகவே பொருந்துகிறது. ஏப்ரல் முடிய இங்கே, மே நடுவில் அங்கே.

ஆனால் மே மாதம் அப்ளை பண்ணினால் போதும் என்று சொன்ன அக்காவை நம்பினால், நீங்கள் அப்ளை பண்ணும்போது பள்ளியில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று, ஏப்ரல் 13, 14, 15 சோங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. நமக்குச் சித்திரை ஒன்று வருகிற அதே சமயம். அந்த வாரம் ஆபீஸ்கள் மூடிக் கிடக்கும், அதற்கு முந்தைய வாரமும் யாரும் பேனாவைத் தொடமாட்டார்கள், போன் எடுத்தாலே பெரிய விஷயம். பள்ளியும் லீவு என்பதால் கையெழுத்துப் போட வேண்டிய டைரக்டர் எங்கேயாவது கடற்கரையில் இருப்பார். ஆகவே மார்ச் கடைசிக்குள் ஆஃபர் கடிதம் கையில் வருகிற மாதிரி பாருங்கள்.

முறையான வழி என்பது வேலைக்கு வருகிறவர்களுக்கான நான்-பி விசா, அதன்மேல் ஒர்க் பெர்மிட், கூடவே குருசபா என்கிற ஆசிரியர் மன்றத்தின் அனுமதி. நமக்கு ஆங்கிலம் தாய்மொழி நாடு என்ற கணக்கில் வராததால் டோயிக் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணோ அதற்கு ஈடான தேர்வோ கேட்பார்கள். நீங்கள் எம்.ஏ. ஆங்கிலம் என்று சொன்னாலும் கேட்பார்கள், கோபப்படாதீர்கள். அதை ஜனவரியில் எழுதி வைத்துவிடுங்கள். பெர்மிட் இல்லாமல் வேலை செய்து மாட்டினால் 5,000 முதல் 50,000 பாட் அபராதம், நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். டூரிஸ்டாகப் போய் இறங்கு என்று சொல்கிற ஏஜென்ட் அந்த அபராதத்தைக் கட்டப் போவதில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, வெள்ளைக்காரப் பையனுக்கு ஒரு சம்பளம், நமக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் ஒரு சம்பளம். விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். பி.எட். இருப்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள், அந்தப் பையனிடம் பெரும்பாலும் அது இருக்காது.

காவிரிக்கரை_டீச்சர்:

ரொம்ப நன்றி. எம்.ஏ. ரெகுலர்தான், பி.எட்.டும் ரெகுலர். ஆனால் ஷார்ஜா சார் சொன்னதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் பள்ளியில் இருக்கிறது, சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் ரிலீவ் ஆகும்போதுதான் தருவார்களாம். அப்படியானால் அட்டெஸ்டேஷனை அதற்கு முன் எப்படிப் போடுவது?

தேரிக்காட்டான்:

இதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை, சீசன் எல்லாம் அப்புறம். தனியார் பள்ளி ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது, ஆனால் நடுவருடத்தில் சண்டை போட்டால் அனுபவச் சான்றிதழில் கை வைப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வெளிநாடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள், டி.ஆர்.பி. (அரசு ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வுச் சரிபார்ப்பு, பல்கலைக்கழகத்தில் பெயர்த் திருத்தம் என்று சொல்லி அரையாண்டு லீவுக்கு முன் கேளுங்கள் என்று பலபேர் யோசனை சொல்வார்கள். நான் சொல்வது, பொய் வேண்டாம், "டிகிரி அட்டெஸ்டேஷன் போட வேண்டும், முடிந்ததும் திரும்பத் தருகிறேன்" என்று எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றில் சீலோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள், மறுப்பதையும் எழுத்தில் தர அவர்களுக்குப் பயம்.

எதை எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிகிரி அட்டெஸ்டேஷனை எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் போடலாம். குற்ற வழக்கு இல்லை என்று தருகிற போலீஸ் கிளியரன்ஸ் அப்படியில்லை, வியட்நாம் மாதிரி நாடுகள் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் ஏற்றுக்கொள்ளும். ஆர்வக்கோளாறில் நவம்பரிலேயே பாஸ்போர்ட் சேவாவில் எடுத்து வைத்தீர்கள் என்றால் மே மாதம் மறுபடி போய் நிற்பீர்கள். வேலை உறுதியாகும் நேரத்தில் எடுங்கள். அப்புறம் புரொவிஷனலை (தற்காலிகப் பட்டச் சான்றிதழை) வைத்துக்கொண்டு அட்டெஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், கான்வகேஷன் சர்டிபிகேட் வேண்டும். வாங்காமல் விட்டிருந்தால் பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள், அந்த ஆபீஸ் வேகம் உங்களுக்கே தெரியும்.

ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சத்தில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மழைக்காகிதம்:

ஜப்பான் பற்றி யாரும் சொல்லவில்லையே. அங்கேயும் பள்ளி வருடம் ஏப்ரலில்தான், முந்தைய இலையுதிர் காலத்திலிருந்தே ஆள் எடுப்பார்கள். ஆனால் பள்ளிகளில் மொழி சொல்லித்தரும் விசாவுக்கு 12 வருடம் அந்த மொழியிலேயே படித்திருக்க வேண்டும். பத்தாவது வரை தமிழ் மீடியம் என்றால் கணக்கு இடிக்கும். கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான ஈ-2 விசா பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான். இரண்டுக்கும் விண்ணப்பித்து நாளைக் கடத்தாதீர்கள்.

தாய்லாந்து தவறினால் வியட்நாம் பாருங்கள். பள்ளி திறப்பு விழா செப்டம்பர் 5, மொழி மையங்களோ வருடம் முழுக்க ஆள் எடுக்கும், அவர்களுடைய தெத் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் மட்டும் மெயிலுக்குப் பதில் வராது.

காவிரிக்கரை_டீச்சர்:

எட்டாவது வரை தமிழ் மீடியம், அதனால் ஜப்பான் அவுட். சரி, அரையாண்டுத் தேர்வுக்கு முன் சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடுக்கிறேன், ஜனவரியில் டோயிக், பிப்ரவரியிலிருந்து தாய்லாந்து பள்ளிகளுக்கு. அது அமையவில்லை என்றால் ஆகஸ்ட் ஷார்ஜா. ஒரே ஒரு சந்தேகம், மே மாதச் சம்பளத்தை முழு வருடம் வேலை செய்தவர்களுக்கு ஜூன் திறந்ததும் தருவோம் என்பார்கள். அதற்காகக் காத்திருக்கவா?

தேரிக்காட்டான்:

அதை மறந்துவிடுங்கள். ஜூனில் திரும்பி வராதவருக்கு மே சம்பளம் கொடுத்த கரஸ்பாண்டன்ட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விட்ட தேதி, எடுத்த வகுப்புகள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்து வாங்குங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே இனிஷியலோடு.