மறு: சுக்கானில் வரும் ‘பிளே’க்கு ‘வெறுஞ்சுற்று’

அன்பின் நண்பர்களுக்கு,

சுக்கானை (ஸ்டியரிங்) திருப்பியும் சில்லு திரும்பாமல் சும்மா சுற்றுகிற அந்தப் ‘பிளே’க்கு (play) நல்ல தமிழ்ச் சொல் எது என்று நம் குழுவில் கேட்டிருந்தீர்கள். மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் வன்னியில், ஒட்டுசுட்டானில் ஒரு கராஜ் வாங்கிலில் இருந்துதான் வாசித்தேன். எதிரே மேசையில் எங்கள் வில்லீஸ் ஜீப்பின் சுக்கான் பெட்டி பிரித்துக் கிடக்கிறது. ஆகவே இந்தச் சொல்லை நான் கையில் எண்ணெயோடு தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்கால வண்டி அது. போர் முடிந்த பிறகு அப்பப்பா வாங்கினார். காட்டிலிருந்து முதிரை, பாலை மரங்களை இழுத்தது, வயலிலிருந்து நெல் மூட்டை ஏற்றியது. வன்னியில் ‘இராணுவ வண்டி’ என்றாலே மனம் வேறு எங்கோ போகும். இதுவோ எங்கள் முற்றத்தில் வயதான வண்டி. அந்தக் காலத்து ஜீப்புகள் எல்லாவற்றையும் போல இதற்கும் சுக்கான் இடப்பக்கம். எங்கள் வீதியில் சாரதி ஓரத்துப் பக்கம் இருப்பார், எதிரே வரும் பஸ்ஸுக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடமிருக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் சுக்கான் நாலு அங்குலம் சும்மா சுற்றினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நாலு அங்குலம் என்பது அளந்தது. முன்சில்லுகளை நேராக நிறுத்தி, சுக்கான் வளையத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டேன். தம்பி கீழே குந்தியிருந்து சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். சில்லு அசையத் தொடங்கியதும் ‘ஆ’ என்றான். இரு பக்கமும் சேர்த்து நாலு அங்குலம். இந்த நாலு அங்குலத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

> ‘தளர்வு’ போதுமே, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். தளர்ந்ததை இறுக்கினால் சரி என்றுதான் கை நினைக்கும். இந்தப் பெட்டிக்குள் சுக்கான் தண்டின் நுனியில் திருகுபோலப் பள்ளம் வெட்டிய ஓர் உருளை இருக்கிறது. குறுக்குத் தண்டின் நெம்பில் உள்ள இரண்டு கூம்பு முளைகள் அந்தப் பள்ளத்தில் ஓடும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே போகும்? அதனால் பள்ளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். பக்க மூடியில் ஓர் இறுக்கு திருகாணி உண்டு. நடுவில் ஆட்டம் போகும்வரை அதை இறுக்கினால், அவ்வளவு தேயாத இரு பக்கத்திலும் முளை பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய சுக்கான் தானாக நேருக்கு வராது. யாரோ முன்பு எங்கள் பெட்டியை அப்படித்தான் இறுக்கி வைத்திருந்தார்கள். முளைகளின் ஒரு பக்கம் பட்டையாகிவிட்டது, நகத்தை ஓட்டினால் படி தட்டுகிறது.

> பின்னடிப்பு, பின்விளையாட்டு...

‘விளையாட்டு’ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, அதை விட்டுவிடலாம். ‘பின்னடிப்பு’ என்றால் எதுவோ திரும்பி அடிப்பதாகப் படுகிறது, இங்கே அடிப்பது எதுவும் இல்லை. ‘இடைவெளி’ நல்ல சொல்தான். ஆனால் அது எஞ்சினில் வால்வுக்கும் அதைத் தள்ளும் தட்டிக்கும் (டாப்பெட்) நடுவே வேண்டுமென்றே விடுகிற வெளிக்கு இருக்கட்டும். ‘வெற்றசைவு’ எனக்குப் பிடித்தது, பொருளில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கராஜில் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன், ஒருவர் வாயிலும் ஏறவில்லை.

சொல் கிடைத்தது இங்கே வேலை செய்கிற அண்ணையிடம். போரின்போது சாமான் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்துத் தொழில் பழகியவர். நான் திருகாணியில் சாவியை வைத்ததும் கையைப் பிடித்துவிட்டார்.

“தம்பி, உது இறுக்கினாத் தீருற வருத்தமில்லை. எங்க வெறுஞ்சுத்துச் சுத்துதெண்டு முதல் பாரும்.”

வெறுங்கை, வெறுங்கால், வெறுவயிறு என்று சொல்கிறோம். இருக்க வேண்டியது இல்லாத நிலை. கை சுற்றுகிறது, சில்லு திரும்பவில்லை: வெறுஞ்சுற்று. சந்தி தானாக விழுகிறது, பேச்சில் ‘சுத்து’, எழுத்தில் ‘சுற்று’.

ஆனால் அண்ணையின் கேள்வியில் ‘எங்க’ என்ற சொல்லையும் கவனியுங்கள். தேடியதும் இதுதான் தெரிந்தது. முன் அச்சின்மேல் பெல் கிராங்க் இருக்கிறது. பெட்டியிலிருந்து வரும் இழுகோலின் அசைவை வாங்கி, முன்சில்லுகளைத் திருப்பும் இரண்டு ரை ரொட்டுகளுக்கும் (tie rod) பிரித்துக் கொடுப்பது அது. அதைக் கழற்றியதும் உள்ளேயிருந்த ஊசி பெயாரிங் துருப்பிடித்த சீரகம் போல உள்ளங்கையில் கொட்டியது. அதன் ஊசியும் முளையும் புதிதாகப் போட்டதும் நாலு அங்குலம் இரண்டேகாலாகக் குறைந்தது. இழுகோல் நுனிகளில் குண்டு இருக்கும் கிண்ணத்தையும் சுருள்வில்லையும் மாற்றினோம், ஒன்றரை. மிச்சம்தான் பெட்டியினுடையது. முதலிலேயே பெட்டியை இறுக்கியிருந்தால், பெல் கிராங்கின் குற்றத்துக்குப் பெட்டியைத் தண்டித்திருப்போம்.

ஆகவே நான் கேட்பது இரண்டு சொல். ஒவ்வொரு மூட்டிலும் தேய்வால் வருவது ‘ஆட்டம்’. அது ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது. அந்த ஆட்டமெல்லாம் கூடிச் சுக்கான் வளையத்தில் தெரிவது ‘வெறுஞ்சுற்று’. ‘பெல் கிராங்கில் ஆட்டம், அதனால் சுக்கானில் இரண்டு அங்குல வெறுஞ்சுற்று’ என்று எழுதினால், நோய் எது, குறி எது என்று வாசிப்பவருக்குக் குழப்பம் வராது.

புரி தேய்ந்த நட்டும் ‘வெறுஞ்சுத்து’ச் சுத்தும் என்று ஒருவர் நினைவூட்டியிருந்தார். உண்மைதான். அங்கேயும் கை சுற்றுகிறது, வேலை நடக்கவில்லை. பொருள் ஒன்றாக இருப்பதால் எனக்கு அது இடைஞ்சலாகத் தெரியவில்லை. ‘சுக்கான்’ அரபுச் சொல், ‘திசைமாற்றி’ என்றே எழுதலாம் என்றவருக்கு: பாடநூலில் எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. சுக்கான் தோணியில் ஏறி வந்து எங்கள் வீதிக்கு இறங்கிய சொல், அதை நான் விடமாட்டேன்.

கிளிநொச்சி லேத் கடையில் பித்தளை புஸ் (தண்டு சுழலும் உறை) கடைந்து வந்துவிட்டது. புதிய முளைத் தண்டும் உருளையும் மேசையில் இருக்கின்றன. நாளை இழுகோலைக் கழற்றிவிட்ட நிலையிலேயே, முதலில் தண்டின் மேல்மூடியில் தகடு கூட்டிக் குறைத்து உருளையின் நெடுக்கு ஆட்டத்தை எடுப்போம். அப்புறம் சுக்கானை நடுவில் வைத்துத் திருகாணி. கிறீஸ் இல்லை, கியர் எண்ணெய்தான்.

பெல் கிராங்குக்கும் சொல் வேண்டும். முழங்கை போல மடங்கி இருப்பதால் ‘முழங்கை நெம்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.