சபையை விடாதவர்களிடமும் சந்தோஷம் வற்றிப்போவது ஏன்? கடின இருதயம் பற்றி நான்கு வார வேதபாடத்துக்கு உதவி தேவை

மாலைஜெபம் (கேள்வி)

கர்த்தருக்குள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெண்கள் ஐக்கியத்தில் நான்கு வாரம் வேதபாடம் எடுக்க வேண்டும். தலைப்பு, கடின இருதயமும் இழந்துபோன சந்தோஷமும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். ஆராதனை, தசமபாகம், உபவாச ஜெபம் எதையும் விடாதவர்கள். ஆனால் "முன்ன மாதிரி ஒரு சந்தோஷம் இல்லம்மா" என்ற வார்த்தை அவர்களிடம்தான் அதிகம் வருகிறது.

எனக்கு மூன்று விஷயத்தில் உதவி வேண்டும். எந்தப் பகுதியில் தொடங்குவது? இஸ்ரவேலரை விடமறுத்த எகிப்து ராஜா பார்வோனை எடுத்தால் "அவன் கெட்டவன், நமக்கென்ன" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்தது, வெறும் களைப்பையும் மனச்சோர்வையும் கடின இருதயத்திலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கடைசியாக, வீட்டில் போய்ச் செய்ய என்ன கொடுக்கலாம்? "ஜெபம் பண்ணுங்கள், சரியாகும்" என்று மட்டும் சொல்லி அனுப்ப மனமில்லை.

ஒலிவக்கன்று

சிஸ்டர், பார்வோனை விட்டுவிடாதீர்கள். கர்த்தர் எகிப்துக்கு அனுப்பின பத்து வாதைகளையும் ஒரே மூச்சில் ஓட்டுவதால்தான் அவன் நமக்குச் சம்பந்தமில்லாத ஆள் ஆகிவிடுகிறான். யாத்திராகமம் 8-ஆம் அதிகாரத்தின் முதல் 15 வசனங்களை மட்டும் எடுத்து மெதுவாக வாசிக்கவையுங்கள்.

படுக்கையறையில் தவளை, அடுப்பில் தவளை, மாப்பிசைகிற தொட்டியில் தவளை. இவை ஒழிந்துபோக நான் எப்போது விண்ணப்பம் பண்ண வேண்டும் என்று மோசே அவனையே கேட்கிறார். அவன் சொன்ன பதில் "நாளைக்கு" (8:10). தொல்லை கழுத்தளவு இருக்கிறது, தீர்வு வாசலில் நிற்கிறது, அப்போதும் இன்றைக்கு வேண்டாம். சங்கீதம் 95-உம் எபிரெயர் 3-ஆம் அதிகாரமும் "இன்று" என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கின்றன என்பதை இங்கே வைத்து விளக்கிவிடலாம்.

அதைவிட முக்கியமானது 15-ஆம் வசனம். தவளைகள் செத்து, மூச்சுவிட இடம் கிடைத்தது என்று கண்டபோதுதான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். கஷ்டம்தான் மனுஷனைக் கல்லாக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே கஷ்டம் நீங்கினபோது கடினம் வருகிறது. 9:34-இல் கல்மழை நின்றவுடனும் அதேதான் நடக்கிறது. இந்த இடத்தில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆஸ்பத்திரியிலோ, கடன் நெருக்கடியிலோ தேவனிடம் பண்ணின பொருத்தனை (நேர்ச்சை) எது? நெருக்கடி தீர்ந்த பிறகு அது என்ன ஆயிற்று? சத்தமாகச் சொல்லவைக்க வேண்டாம். தாளில் எழுதி மடித்து அவரவர் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் வாரம் மாற்கு 6:45-52. இதில் கடின இருதயம் இருப்பது சீஷர்களுக்கு. மீந்த அப்பத்தைப் பன்னிரண்டு கூடைகளில் எடுத்த அதே ராத்திரியில், இயேசு படகில் ஏறினதும் திகைத்துப்போகிறார்கள். அப்பங்களைக் குறித்து அவர்கள் உணரவில்லை, இருதயம் கடினமாயிருந்தது என்று மாற்கு காரணமும் சொல்லிவிடுகிறார். ஆகவே இது துன்மார்க்கருக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. ஊழியத்தில் கை நிறைய வேலை வைத்திருப்பவர்களுக்கும் வரும். 8-ஆம் அதிகாரத்தில் இயேசு இதற்குச் செய்கிற வைத்தியத்தைக் கவனியுங்கள். எத்தனை கூடை எடுத்தீர்கள் என்று கணக்குக் கேட்கிறார். பன்னிரண்டு, ஏழு என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறார். எனவே வீட்டுவேலையாக ஒரு நன்றி நோட்டு கொடுங்கள். "தேவன் நல்லவர்" என்று எழுதினால் போதாது. எந்த மாதம், என்ன தேவை, யார் மூலமாக, எவ்வளவு வந்தது என்று எழுத வேண்டும். பொதுவாக எழுதின நன்றி ஒரு வாரத்தில் மனதைவிட்டுப் போய்விடும்.

மூன்றாம் வாரத்துக்கு லூக்கா 15:25-32. உங்கள் ஐக்கியத்துக்கு இதுதான் மையம் என்பேன். கெட்ட குமாரன் திரும்பி வந்த விருந்து நடக்கும்போது மூத்த மகன் வயலிலிருந்து வருகிறான், வீட்டில் கீதவாத்தியமும் நடனக்களிப்பும் கேட்கிறது, உள்ளே போக மனமில்லை. சந்தோஷம் பத்தடி தூரத்தில் இருக்கிறது, கதவும் பூட்டவில்லை. அவன் கையில் இருப்பது ஒரு கணக்கு: இத்தனை வருஷம் ஊழியம் செய்தேன், ஒரு கற்பனையையும் மீறவில்லை, என் சிநேகிதரோடே சந்தோஷமாயிருக்க ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை. தம்பியைத் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தகப்பனோ அவனிடம் "உன் சகோதரனாகிய இவன்" என்று திருப்பிக் கொடுக்கிறார். அவன் கடைசியில் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. நீங்களும் அன்றைக்கு முடிவு சொல்லாமல் வகுப்பை விட்டுவிடுங்கள்.

நான்காம் வாரத்துக்கு சங்கீதம் 32-உம் 51-உம் போதும். பாவத்தை அடக்கிவைத்த நாளெல்லாம் எலும்பு உலர்ந்தது (32:3). இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பத் தாரும் என்ற விண்ணப்பம் 51:12-இல்தான் வருகிறது. பாவத்தைப் பேர்சொல்லி அறிக்கையிட்டது அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. வரிசை மாறினால் வேலை செய்யாது.

திருப்பாடல்95

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சொல்கிறேன் சகோதரி. மேலே எழுதியவர் அதைத் தொடவில்லை.

ஜெபத்தில் இனிமை இல்லை என்பதாலேயே இதயம் கல்லாகிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இந்த வறட்சிக்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்: நம்முடைய அசட்டை, நம்மைச் சோதித்துப் பார்க்கக் கடவுள் அனுமதிப்பது, ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை, கொடை என்று நாம் உணர்வதற்காக வருவது. மூன்றில் ஒன்றுதான் நம் தவறு. எது என்று பார்க்காமல் எல்லாரையும் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவ அறிக்கைக்கு) விரட்டினால், ஏற்கனவே நொந்தவர்கள் இன்னும் நொந்துபோவார்கள்.

பிரித்தறிய கார்மேல் சபைத் துறவியான புனித சிலுவை யோவான் காட்டும் அடையாளம் நடைமுறைக்கு நன்றாக உதவும். நல்ல வறட்சியில் இருப்பவருக்குக் கடவுள் காரியத்திலும் ருசி இல்லை, உலகக் காரியத்திலும் ருசி இல்லை. ஆனாலும் "நான் கடவுளுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையோ" என்ற கவலை அரித்துக்கொண்டே இருக்கும். அசட்டை பிடித்தவருக்கு அந்தக் கவலை இருக்காது. ஜெபத்தில் ருசி போயிருக்கும், ஆனால் அடுத்த வீட்டு விவகாரத்தில் ருசி அப்படியே இருக்கும். மூன்று கேள்விகள் கேட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். ஜெபம் வராதது உங்களை வருத்துகிறதா? குறிப்பிட்ட ஒருவர் பேரைக் கேட்டால் மட்டும் உள்ளே இறுகுகிறதா? பிறருக்கு நல்லது நடந்தால் மனம் சுருங்குகிறதா? முதலாவதற்கு ஆம், மற்ற இரண்டுக்கும் இல்லை என்றால் அவரைத் தேற்றுங்கள், திருத்தப் போகாதீர்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசின் மனநல உதவி எண் 14416. சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்குக் கடவுள் முதலில் கொடுத்தது போதனை இல்லை. உறக்கமும், சுட்ட அப்பமும், தண்ணீரும், அதுவும் இரண்டு தடவை (1 அரசர் 19). அவரிடம் பேசியது அதற்குப் பிறகு.

வீட்டில் செய்ய, இரவில் கால் மணி நேர ஆன்ம ஆய்வு கொடுக்கலாம். முதலில் நன்றி, பிறகு ஒளி கேட்பது, பிறகு நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான ஒரு தீர்மானம் என்று ஐந்து படி. பெரும்பாலோர் நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே குற்றப் பட்டியலுக்குப் போகிறார்கள். இரண்டு வாரத்தில் அது சுயவெறுப்பாக மாறி, பழக்கமே நின்றுபோகும். தீர்மானமும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் நாளைக்கே செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "இனி கோபப்பட மாட்டேன்" தீர்மானம் ஆகாது. "காலையில் மருமகளிடம் முதலில் நான் பேசுவேன்" என்பது ஆகும்.

காலைக்கு 95-ஆம் திருப்பாடல் (உங்கள் சங்கீதம் 95). எங்கள் செபநூலான திருப்புகழ்மாலையில் அன்றாடச் செபத்தைத் தொடங்கும் அழைப்புத் திருப்பாடல் அதுதான். ஆங்கிலிக்கன் பொது ஜெபப்புத்தகத்தின் காலை ஆராதனையிலும் உண்டு, ஆகவே உங்கள் மூத்தவர்கள் சிலருக்கு மனப்பாடமாகவே இருக்கலாம். "மகிழ்ந்து பாடுவோம் வாருங்கள்" என்று தொடங்கி "இதயத்தைக் கடினப்படுத்தாதீர்கள்" என்று போய் முடிகிறது. மகிழ்ச்சியும் எச்சரிக்கையும் ஒரே பாட்டில் இருப்பதை வகுப்பில் சுட்டிக்காட்டுங்கள்.

கற்பலகை

பிரதர் ஒலிவக்கன்று கொடுத்த வரிசை நல்லது. ஆனால் மூன்றாம் வாரத்தில் மன்னிப்பை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பாடம் பாதியில் நிற்கும். இதில் தடுமாறாதவர் குறைவு.

"எல்லாரையும் மன்னிச்சுட்டேன்" என்று மொத்தமாகச் சொன்னால் ஒன்றும் அசையாது. பேர், செயல், இழப்பு மூன்றையும் எழுத வேண்டும். உதாரணமாக, "நாத்தனார், கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் என் அம்மாவைப் பற்றிப் பேசியது, எனக்குப் போனது மரியாதையும் அந்த வீட்டுக்குப் போக்குவரத்தும்." எழுதும்போது இழப்பைக் குறைத்துக் காட்டக்கூடாது. மத்தேயு 18-இல், ராஜா கடனை மன்னித்த பிறகும் உடன்வேலைக்காரனை நெருக்கின வேலைக்காரனுக்கு வரவேண்டியிருந்தது நூறு வெள்ளிப்பணம். ஒரு நாள் கூலி ஒரு பணம். ஆக மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம். இயேசு அதைச் சில்லறைக் காசு என்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு மன்னிக்கப்பட்டது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு 6,000 பணம் என்று போட்டால் 6 கோடி பணம், இவன் கேட்ட கடனைப்போல 6 லட்சம் மடங்கு. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போடுங்கள், மனதில் நிற்கும்.

எழுதின பிறகு, "இந்தக் கடனை இனி நான் வசூலிக்க மாட்டேன்" என்று தேவனிடம் சொல்ல வேண்டும். எதெல்லாம் வசூல் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். முகம் கொடுக்காமல் இருப்பது வசூல். சந்தர்ப்பம் பார்த்துக் குத்திக்காட்டுவது வசூல். பிள்ளைகளிடம் சொல்லிவைப்பது வசூல். ஜெபக்குறிப்பு என்ற பேரில் நாலு பேரிடம் கொண்டுபோவதும் வசூல்தான், நம் சபைகளில் அதிகம் நடப்பது இந்தக் கடைசி வகை.

காயம் மறுபடி ஞாபகத்துக்கு வரும். வந்தால் மன்னிப்புப் பொய் என்று அர்த்தமில்லை, அதே வாக்கியத்தை மறுபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளுக்குப் போன் போட்டு "நான் உங்களை மன்னிச்சுட்டேன்" என்று அறிவிக்க மட்டும் சொல்லாதீர்கள். மன்னிப்புக் கேட்காதவர் காதில் அது குற்றச்சாட்டாக விழும், புதுச் சண்டை பிறக்கும். அதற்குப் பதிலாக அவர் பேரைச் சொல்லி, அவர் வீட்டுக்கு ஒரு நன்மை கேட்டு, தினமும் ஜெபிக்கட்டும் (மத்தேயு 5:44). தப்பு நம்முடையது என்றால் நிலைமை வேறு. அப்போது காணிக்கையை வைத்துவிட்டு நாம்தான் போக வேண்டும் (5:23-24). வாங்கின பணமோ நகையோ கையில் இருந்தால் கண்ணீர் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பிலிப்பியர் 4-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தைக் காலண்டரில் பார்த்தே பழகிவிட்டோம். அதற்கு இரண்டு வசனம் முன்னால் எயோதியாளும் சிந்திகேயாளும் ஒரே சிந்தையாயிருக்க வேண்டும் என்று பவுல் பேர்சொல்லி மன்றாடுகிறார். இரண்டு பேரும் சுவிசேஷ வேலையில் அவரோடு பாடுபட்ட பெண்கள்.

மாலைஜெபம்

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. பார்வோன் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்தினார் என்று இருக்கிறதே, "அப்போ என்னையும் அவர்தான் இப்படி ஆக்கிட்டாரா" என்று யாராவது கேட்டால்? இன்னொன்று, வீட்டில் அடி வாங்குகிறவர்களும் வகுப்பில் இருக்கிறார்கள். மன்னிக்கச் சொன்னால் "திரும்பிப் போய்ப் பொறுத்துக்கோ" என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஒலிவக்கன்று

முதலாவதற்கு, யாத்திராகமம் 7:13-இலிருந்து 9:12 வரை வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து வாதைகளில் அவன் இருதயம் கடினப்பட்டது, அல்லது அவனே கடினப்படுத்தினான் என்றுதான் வருகிறது. கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்த சம்பவமாக வருவது ஆறாம் வாதையான கொப்புளத்தில். 4:21-உம் 7:3-உம் "நான் கடினப்படுத்துவேன்" என்ற முன்னறிவிப்பாக இருப்பதால் சபைப் பிரிவுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு; அதை நீங்கள் வகுப்பில் தீர்க்கப் போக வேண்டாம். கேட்டவரை ஏசாயா 63:17-க்குக் கொண்டுபோங்கள். எங்கள் இருதயத்தை ஏன் கடினப்படுத்துகிறீர் என்று தேவ ஜனமே அங்கே முறையிடுகிறது, அதே வசனத்தில் திரும்பி வாரும் என்றும் கெஞ்சுகிறது. அந்தப் பயத்தை அப்படியே ஜெபமாக்கச் சொல்லுங்கள்.

கற்பலகை

இரண்டாவதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள் சிஸ்டர். மன்னிப்பது வேறு, திரும்பிப் போவது வேறு. 1 சாமுவேல் 26-ஐ எடுங்கள். தன்னைக் கொல்லத் தேடிவந்த ராஜா சவுலைத் தாவீது கொல்லாமல் விட்டு, அவன் தலைமாட்டிலிருந்து எடுத்த ஈட்டியையும் திருப்பிக் கொடுக்கிறான். சவுல் "நான் பாவஞ்செய்தேன், திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யேன்" என்று கூப்பிடுகிறான் (26:21). தாவீது போகவில்லை. ஈட்டியை வாங்கிக்கொண்டுபோக ஒரு வாலிபனை இந்தப் பக்கம் அனுப்பச் சொல்கிறான். 25-ஆம் வசனத்தில் தாவீது தன் வழியே போகிறான், சவுல் தன் இடத்துக்குத் திரும்புகிறான். பழி வாங்கவும் இல்லை, ஈட்டி எட்டும் தூரத்தில் போய் நிற்கவும் இல்லை.

போலீசில் புகார் கொடுப்பதும் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் கடின இருதயம் ஆகாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது நேர்மாறாகச் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் வாரத் தாளின் அடியில் பெண்கள் உதவி எண் 181-ஐ அச்சிட்டு எல்லாருக்கும் கொடுங்கள். தேவைப்படுகிறவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் வாங்கத் தயங்குவார்கள்.