'நியூபி'க்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

தும்பை எழுதியது:

நண்பர்களே, வணக்கம். எழுத்தாலேயே ஆடும் பழைய இணைய விளையாட்டு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மட் என்று சொல்வார்களே, அந்த வகை. படம் கிடையாது, ஒலி கிடையாது. 'பார்' என்று தட்டினால் நிற்கும் அறையின் வருணனை வரும். 'வடக்கு' என்று தட்டினால் அடுத்த அறை. உதவிக் கோப்புகளை வெள்ளி இரவுக்குள் பராமரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மற்றவற்றை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். ஆட்டத்துக்குப் புதிதாக வந்தவரைக் குறிக்கும் 'நியூபி' மட்டும் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே நிற்கிறது. நியூபி பள்ளி, நியூபி அலைவரிசை (ஆட்டக்காரர்கள் எழுத்தில் பேசிக்கொள்ளும் இடம்), நியூபிக்கு உதவுபவர், நியூபியைக் கொல்லத் தடை.

ஒரு நிபந்தனை. இந்த விளையாட்டு தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. மாணவப் பருவத்தில் நுழைந்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். புதிதாக வருபவர் பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம், ஓய்வுபெற்றவராகவும் இருக்கலாம். எதிரே இருப்பவரின் முகம் யாருக்கும் தெரியாது. ஆகவே வயதை நினைவூட்டும் சொல் வேண்டாம். இளையர், இளவல், சிறுவர், குட்டி எதுவும் வேண்டாம். குறிப்பாகக் 'கற்றுக்குட்டி' வேண்டவே வேண்டாம்.

---

நடைவண்டி எழுதியது:

கற்றுக்குட்டியில் என்ன குறை? மக்கள் நாவில் உள்ள சொல். கன்றையுடைய பசு 'கற்றா' ஆவதுபோலக் கன்று + குட்டி சேர்ந்து கற்றுக்குட்டி ஆகியிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. கன்றுக்குட்டி என்றால் அன்புதானே தொனிக்கிறது?

---

அரைப்புள்ளி எழுதியது:

கன்று + ஆ கற்றா ஆகும், உண்மை. அதற்காகக் கற்றுக்குட்டியையும் கொண்டுபோய்த் தொழுவத்தில் கட்ட வேண்டியதில்லை. அரைகுறையாகக் கற்றவர் என்பதே அதன் வழக்குப் பொருள். புதிதாக வருபவர் அரைகுறையாகக்கூடக் கற்கவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை.

என் பரிந்துரை 'புகுநர்'. ஓட்டுநர், பெறுநர், இயக்குநர் எல்லாம் வினைப்பகுதியோடு 'நர்' சேர்ந்தவை. புகு என்பது வினை, எனவே புகுநர் இலக்கணப்படி சரி. யாராவது 'புதுநர்' என்று சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: புது வினைப்பகுதி அன்று. 'பயனர்' இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு, அது பயன் + அர். அங்கே 'நர்' இல்லை.

---

பனையோலை எழுதியது:

சொல் கையிலேயே இருக்கும்போது ஏன் பிசைகிறோம் என்று விளங்கவில்லை. 'வம்பலர்'.

'வம்பு நிலையின்மை' என்கிறது தொல்காப்பிய உரியியல். நிலைகொள்ளாதது, இப்போதுதான் வந்தது. பருவம் வருமுன் பெய்த மழையைக் குறுந்தொகை 66ஆம் பாட்டு 'வம்ப மாரி' என்கிறது. அதைக் கார்காலம் என்று நம்பிக் கொன்றை பூத்துவிட்டதாம். அதே தொகையில் 77ஆம் பாட்டைப் பாருங்கள். 'வெஞ்சுரத்து உலந்த வம்பலர்'. வழியிலே மாண்ட புதியவர்களின் உடலைத் தழையால் மூடிய பதுக்கை, யானைக்கு நிழலாகிறது. நுழைந்த சற்று நேரத்திலேயே திசை தெரியாமல் காட்டுக்குள் போய் ஓநாயிடம் சாகிற ஆட்டக்காரரை இதைவிடப் பொருத்தமாக எந்தச் சொல் குறிக்கும்? வழிப்பறி செய்யும் ஆறலை கள்வர்கூட அங்கே உண்டு. முதல் மட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்டு பார்ட்டில் 1996இல் மட் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தபோது, அடுத்தவரைக் கொல்வதில் இன்பம் காண்பவர் என்று ஒரு வகை வைத்தார். நம் பாலைத்திணைக்கு அவர் புதியவரல்லர்.

'வம்ப மோரியர்' என்ற தொடரையும் இங்கே கருத வேண்டும். அது மௌரியரைப் புதியவர் என்கிறதா, நிலையற்றவர் என்கிறதா என்பது

(மேலும் பல பத்திகள் மோரியரைப் பற்றியே செல்வதால் சுருக்கியுள்ளேன். பனையோலை ஐயா மன்னிக்க வேண்டும். — மட்டுறுத்துநர்)

---

அரைப்புள்ளி எழுதியது:

பனையோலை ஐயாவின் படிப்பின் முன் கைகூப்புகிறேன். ஆனால் 'வம்பலர் அலைவரிசை' என்று திரையில் வந்தால், வம்பு வளர்க்க ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார். வம்பலரைக் கொல்லத் தடையா? கொல்லட்டுமே என்பார்கள்.

---

பனையோலை எழுதியது:

பொருள் திரிந்தது சொல்லின் குற்றமன்று. புழக்கத்தில் விட்டால் பழைய பொருள் தானே மீளும். புரியவில்லை, புரியவில்லை என்று கைவிட்டுக்கொண்டே போனால், மிஞ்சுவது நூறு சொல்லும் எண்ணூறு ஆங்கிலச் சொல்லும்தான். முப்பது வகை வாளுக்குப் பெயர் கற்றுக்கொள்கிற ஆட்டக்காரரால் வம்பலர் என்ற ஒரு சொல்லைக் கற்க முடியாதா?

---

துறைமுகம் எழுதியது:

நான் நிரல் பக்கத்து ஆள். இலக்கணத்தில் கைவைக்கவில்லை, பொருளில் ஒரு சிக்கலைச் சொல்கிறேன்.

1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கிப் பார்ட்டில் வளர்த்த முதல் மட்டில் அடிநிலைப் பட்டத்தின் பெயர் 'நோவிஸ்'. அது பாத்திரத்தின் படிநிலை. 'நியூபி' என்பது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியது. இருபது வருடம் ஆடியவர் இன்று புதிய பாத்திரம் ஒன்றைத் தொடங்கினால், பாத்திரம் முதல் படியில் நிற்கும்; ஆனால் அவர் நியூபி அல்லர். 'நியூபியைக் கொல்லத் தடை' என்ற விதி நிரலில் படியைத்தான் பார்க்கிறது. ஆளைப் பார்க்க நிரலுக்குக் கண் இல்லை. தும்பை அவர்கள் கோப்பில் ஒரு சொல்லைத் தேடுகிறார். தேவைப்படுவது இரண்டு.

வயது இன்னும் குழப்பம். அந்த விளையாட்டு சர்க்கிள்மட் என்ற மட் நிரலின் மேல் கட்டப்பட்டது என்று நினைக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிக்குமட்டிலிருந்து வந்தது அது. அதில் 'ஸ்கோர்' என்று தட்டினால் முதல் வரியிலேயே உங்கள் வயது வரும். ஆளின் வயதன்று, பாத்திரத்தின் வயது. எல்லாரும் 17இல் தொடங்குவார்கள். விளையாட்டின் ஒரு மணி நேரம் நம் 75 நொடி. 24 மணி ஒரு நாள், 35 நாள் ஒரு மாதம், 17 மாதம் ஒரு வருடம். கணக்குப் போட்டால் நம் பன்னிரண்டு நாள் சொச்சத்தில் அங்கே ஒரு வருடம் ஓடிவிடும். நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஓடும். பிறந்தநாளன்று 'இன்று உங்கள் பிறந்தநாள்' என்று ஒரு வரியும் வரும். வயது ஏறினால் காயம் ஆறும் வேகமும் மாறும்: 45இல் உச்சம், அதன்பின் இறங்கும், 80ஐத் தாண்டினால் மிக மந்தம்.

இப்போது ஒருவர் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருகிறார். பழைய கோப்பு அழியாமல் இருந்தால் பாத்திரத்துக்கு வயது முந்நூறைத் தாண்டியிருக்கும். அவருக்கோ வாளை எப்படி உருவுவது என்பதுகூட மறந்துபோயிற்று. நியூபி அலைவரிசையில் வந்து கேட்கிறார். இவர் யார்? புகுநரா, வம்பலரா?

புகுநர் பற்றி ஒன்று. லாகினுக்குப் 'புகுபதிகை' என்று ஏற்கெனவே பரவிவிட்டது. புகுநர் என்றால் உள்ளே நுழைந்த எவரும் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

---

தும்பை எழுதியது:

துறைமுகம் அவர்களே, இதை முன்பே சொல்லியிருந்தால் நான் கோப்பைத் திறந்தே இருக்க மாட்டேன். சரி, பாத்திரத்துக்கு 'முதற்படிப் பாத்திரம்' என்று வைத்துக்கொள்கிறேன், அது தகராறில்லை. ஆளுக்குத்தான் சொல் வேண்டும். ஸ்கோரில் வரும் வயதை 'அகவை' என்றும் ஆளின் வயதை 'வயது' என்றும் பிரிக்கலாமா?

---

பனையோலை எழுதியது:

வயது வடசொல் வழி வந்தது. இரண்டுக்கும் அகவையே சாலும்.

---

நடைவண்டி எழுதியது:

பிரிப்பதற்காகத்தானே ஐயா கேட்கிறார்?

வகுப்பறை அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். புதியவரை விரட்டுவது அவருக்கு வைக்கும் பெயர் அன்று, விளையாட்டு அவரிடம் பேசும் விதம். 'உனக்குப் பசிக்கிறது' என்று திரை சொன்னால் அறுபது வயதுக்காரர் முகம் சுளிப்பார். 'தங்களுக்குப் பசிக்கிறது' என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை சிரிக்கும். தும்பை எதை வைத்திருக்கிறார்?

---

தும்பை எழுதியது:

'நீங்கள்'. கட்டளை மட்டும் 'பார்', 'எடு', 'போ' என்று வெறும் வினைப்பகுதி. அதை ஆட்டக்காரர்தானே பாத்திரத்துக்கு இடுகிறார்? அங்கே மரியாதை தேவைப்படவில்லை. அலைவரிசையில்தான் வேடிக்கை. மாதிரிக்கு உட்கார்ந்து பார்த்தபோது, ஒருவரை எல்லாரும் 'அண்ணா' என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாருக்கு மூத்தவர், யாருக்கு இளையவர் என்பது அவருக்கே தெரியாதாம். பழைய பாத்திரம், அதனால் அண்ணா. நம் மொழியில் அனுபவத்துக்கு மரியாதை காட்டவும் வயதைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த நிபந்தனை வைத்தேன்.

---

அரைப்புள்ளி எழுதியது:

'விருந்து' என்றாலும் புதுமைதான். தொல்காப்பியச் செய்யுளியலில் 'விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே' என்று வருகிறது. வயது நாற்றமே இல்லாத சொல். 'விருந்தினர்' என்று வைத்தால் வரவேற்பும் உள்ளே வந்துவிடுகிறது. புகுநரை விட்டுக்கொடுக்கவில்லை, இது மாற்றுப் பரிந்துரை.

---

துறைமுகம் எழுதியது:

பல மட்களில் பெயர் பதியாமல் சும்மா எட்டிப் பார்க்க 'கெஸ்ட்' என்று ஒரு கணக்கு உண்டு. விருந்தினர் அதற்கு வேண்டும். எடுத்துவிட்டால் அதற்கு எங்கே போவது?

சொல் கிடக்கட்டும். புதியவர் முதலில் தமிழில் 'பார்' என்று தட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? ஒன்றும் நடக்காது. சர்க்கிள்மட்டில் உள்ளீட்டை வாங்கும் இடத்தில், ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கான குறிமுறை) அல்லாத பைட்டுகளை ஓசையின்றித் தள்ளிவிடும் ஒரு வரி இருக்கிறது. 'பார்' போய்ச் சேரும்போது வெற்று வரி. பெயருக்கு 20 பைட்டுதான் உச்சம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 'கதிரவன்' என்று பெயர் வைக்க 21 வேண்டும். ஒரு பைட்டில் போயிற்று. இவற்றைச் சரிசெய்யாமல் நியூபிக்குப் பெயர் சூட்டி என்ன பயன்? வரியை நான் திருத்தி அனுப்புகிறேன், பராமரிப்பாளர் ஏற்க வேண்டும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் திசைக்கு ஓர் எழுத்து தட்டினால் போதும். தமிழில் 'மே' என்றால் மேற்கா, மேலேயா?

---

பனையோலை எழுதியது:

இதற்குத்தான் பழஞ்சொல் வேண்டும் என்பது. மேற்கைக் 'குடக்கு' என்க. கிழக்கைக் 'குணக்கு' என்க.

---

துறைமுகம் எழுதியது:

இரண்டும் 'கு'.

---

நடைவண்டி எழுதியது:

மேற்கு மேடு, கிழக்கு பள்ளம் என்ற நிலக்கிடப்பிலிருந்துதான் இந்தத் திசைப்பெயர்கள் வந்தன என்பார்கள். ஆக, மேற்கும் மேலும் மோதுவது நம் முன்னோர் செய்த வேலை, துறைமுகம் என்ன செய்வார்? 'ஏறு', 'இறங்கு' என்று வினையாக வைத்தால் முடிந்தது. 'ஏ', 'இ'.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

திசைகளுக்குத் தனி இழை தொடங்குங்கள். இன்று வியாழன். நியூபிக்கு வாக்கெடுத்து முடிப்போம்.

---

தும்பை எழுதியது:

வந்த மடல்களை வைத்துப் பார்த்தால் 'புதியவர்' என்பதற்குத்தான் கூடுதல் ஆதரவு. பலருக்கு அது பிடித்ததால் அன்று, மற்றவை பிடிக்காததால். புதியவர் பள்ளி, புதியவர் அலைவரிசை, புதியவருக்கு உதவுபவர். கொல்லத் தடை மட்டும் முதற்படிப் பாத்திரத்துக்கு. திரும்பி வருபவரை 'மீண்டவர்' என்று போட்டிருக்கிறேன், அவருக்கும் அந்த அலைவரிசை திறந்திருக்கும். ஸ்கோரில் 'பாத்திரத்தின் வயது' என்றே விரித்து எழுதிவிட்டேன். அகவை வேண்டாம் என்றும் வேண்டும் என்றும் சம அளவில் திட்டு வந்தது. கோப்பு இன்றிரவு போகிறது.

---

அரைப்புள்ளி எழுதியது:

'புதியவர்' கலைச்சொல் அன்று. அன்றாடச் சொல். நாளை 'புதிய பொருள்', 'புதிய அறை' என்று உதவிக் கோப்பில் தேடினால் எல்லாம் கலந்து வரும். புகுநருக்கு என் வாக்கு அப்படியே நிற்கிறது, பதிவு செய்துகொள்ளவும்.

---

பனையோலை எழுதியது:

ஊர் எல்லைக்கு வெளியே உள்ள இடுகாட்டு அறைக்குப் பெயர் வைத்தாயிற்றா? 'வம்பலர் பதுக்கை' என்று வைக்கலாம். அங்கே வருணனையில் ஒரு யானையும் வேண்டும். மோரியர் பற்றிய பத்திகளைத் தனி மடலாக அனுப்புகிறேன்.