லோயர் ஆர்ம் போல்ட் கொஞ்சம் சுற்றுகிறது, ஆனால் கழலவில்லை: உதவி தேவை

கேள்வி:
பழைய கார். முன்பக்க லோயர் ஆர்மை (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் பாகம்) மாற்றப் பார்க்கிறேன். சக்கரப் பக்கத்து முனையின் பால் ஜாயின்ட்டில் (உருண்டை மூட்டு) ஆட்டம், மறுமுனையின் புஷ் ரப்பரிலும் வெடிப்பு. பால் ஜாயின்ட் நட் கழன்றுவிட்டது, ஆனால் அதன் தண்டு நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) விட்டு இறங்க மறுக்கிறது. சப்ஃபிரேம் (அடிச்சட்டம்) பக்கத்துப் போல்ட் அதைவிட மோசம். நீளமான பிடி போட்டுத் திருப்பினால் சற்றே சுற்றுகிறது, கையைத் தளர்த்தினால் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டும் பலன் இல்லை. நெருப்பு காட்டலாமா? உள்ளேயே முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
திரும்பி வருகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது நண்பரே. புஷ்ஷின் நடுவில் இரும்பு ஸ்லீவ் (குழாய்) ஒன்று இருக்கும். போல்ட் அதோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பும்போது ஸ்லீவும் கூடவே சுழன்று ரப்பரை முறுக்குகிறது, விட்டதும் ரப்பர் இழுத்துக்கொள்கிறது. ஸ்லீவின் இரண்டு முனையும் சப்ஃபிரேமின் பிராக்கெட்டில் அழுந்தியிருப்பதால் எண்ணெய் உள்ளே இறங்க வழியே இல்லை. இன்னும் பலம் கொடுத்தால் சப்ஃபிரேமில் பற்றவைத்திருக்கும் நட் பிய்ந்துவிடலாம். அது பெரிய வேலை.

ஆர்ம் எப்படியும் கழிவுக்குத்தான். புதுப் போல்ட்டை முதலில் கையில் வாங்கிக்கொண்டு, ஸ்லீவ் முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தில் இரும்பு அறுக்கும் பிளேடு போட்டால் போகும். மெதுவாக ஓட்டுங்கள், பிராக்கெட்டில் வெட்டு விழக்கூடாது. இறுக்கம் போய்விடுவதால் நட்டில் மிஞ்சும் துண்டு பெரும்பாலும் இளகிக்கொடுக்கும்.

பதில் 2:
பால் ஜாயின்ட்டுக்கு ஒரு வழி. நட்டை நாலைந்து மரை திரும்ப மாட்டிவிடுங்கள், ஆர்ம் திடீரென்று விழாது. ஆர்மைக் கம்பியால் கீழ்நோக்கி நெம்பிக்கொண்டே, தண்டு நுழையும் நக்கிள் கண்ணின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். தண்டு கூம்பு வடிவம், கண் ஒரு நொடி நெளிந்தாலே விட்டுவிடும். தண்டின் நுனியில் அடிக்காதீர்கள், மரை கெட்டுவிடும். நக்கிள் அலுமினியம் என்றால் சுத்தியலே வேண்டாம், புல்லர் (தண்டைத் தள்ளிக் கழற்றும் கருவி) தான்.

நெருப்பு காட்டுவதானால் சப்ஃபிரேம் நட்டுக்கு மட்டும் காட்டுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஆக்ஸில் பூட் (ரப்பர் உறை) எல்லாவற்றையும் முதலில் ஒதுக்கிக் கட்டுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு கூடவே கூடாது. குளோரின் கலந்த வகை சூடானால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
இரண்டும் பலித்தது, மிக்க நன்றி! பக்கவாட்டில் அடித்ததும் 'டக்' என்று ஆர்ம் இறங்கியது. போல்ட்டை அறுத்தேன். வெளியே வந்த துண்டில் போல்ட் எது, ஸ்லீவ் எது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை, ஒரே துருக்கட்டி. நட்டைச் சூடாக்கியதும் மிச்சமும் வந்துவிட்டது. புதுப் போல்ட்டுக்குக் கிரீஸ் தடவலாமா?

பதில் 1:
ரொம்ப சந்தோஷம். ஸ்லீவுக்குள் போகும் தண்டுப் பகுதிக்கு மட்டும் ஆன்ட்டி-சீஸ் (துருவேறி ஒட்டாமல் தடுக்கும் பசை) மெல்லிசாகத் தடவுங்கள். மரையில் பட்டால் டார்க் (முறுக்கு விசை) கணக்கு மாறி அதிகமாக இறுகிவிடும். முக்கியமானது: கார் தூக்கியிருக்கும்போது புஷ் போல்ட்டை முழுசாக இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகு மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அது முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.