படம் போட்ட வரலாறு பிள்ளைகளை இழுக்கிறதா, ஏய்க்கிறதா?

மயிலை வாசகி:
வரலாறு என்றதும் பிள்ளைகள் கொட்டாவி விட்டால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டையும் அரசர் பெயரையும் அடுக்கிக் கொடுத்தால் யாருக்குத்தான் ஏறும்? பத்து முதல் பதின்மூன்று வயதுவரை உள்ளவர்களுக்கு, கற்பனைக் கதை கலக்காமல், நடந்ததைப் பக்கத்துக்குப் பக்கம் ஓவியத்தோடு சொல்லும் புத்தகங்கள் தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும். இதுதான் என் கட்சி.

எம்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி. ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று சென்னைக் கரையை நெருங்கி, தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிகின்றன. கொஞ்ச நேரத்தில் கப்பல் இருட்டில் மறைந்துவிடுகிறது. அடுத்தடுத்த நாட்களில் ஏராளமான பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டே ஓடுகிறார்கள். இதை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒரு நல்ல ஓவியர் அந்தக் கப்பலைக் குறுக்கே வெட்டிக் காட்டினால்? கீழே கரி அள்ளிப் போடுகிறவர், மேலே குண்டு தூக்கிக் கொடுக்கிறவர், நடுவில் தூங்கும் இடம். அடுத்த பக்கத்தில் அதே நிமிடம் கரையில் என்ன நடந்தது என்பது. அதைப் பார்த்த பிள்ளை, உயர் நீதிமன்ற மதிலில் இருக்கும் எம்டன் நினைவுக் கல்லைத் தானே தேடிப் போகும்.

கல்வெட்டுப் பித்தன்:
வாசகி அம்மா, அதே எம்டனில் இருந்தே நானும் தொடங்குகிறேன். அந்தக் கப்பலில், வெளிநாட்டிலிருந்து இந்திய விடுதலைக்கு உழைத்த செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று நம் ஊரில் நம்புகிறவர்கள் எத்தனை பேர்! 1914-ல் அவர் சூரிக்கில் இருந்தார், அந்த அக்டோபரில் பெர்லினுக்குப் போனார். எம்டனில் ஏறினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஓவியரின் கை எங்கே போகும்? கப்பல் தளத்தில் நின்று சென்னையை நோக்கி விரல் நீட்டும் தமிழரிடம்தான். படம் அருமையாக வரும். பொய்யும் அதோடு சேர்ந்து பிள்ளை மனதில் உட்கார்ந்துவிடும்.

என் அடிப்படை ஆட்சேபம் இதுதான். எழுத்தில் ‘என்று சொல்வார்கள்’ என்று போடலாம், ‘இருக்கலாம்’ என்று போடலாம். படத்தில் ‘இருக்கலாம்’ என்பதை எப்படிப் போடுவீர்கள்? தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் எடையில் ஒரே கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சரிவுப் பாதை போட்டு யானைகள் இழுத்து வந்தன என்ற படத்தைப் பார்க்காதவர் உண்டா? உண்மையில் அந்தச் சிகரம் பல கற்களைச் சேர்த்துக் கட்டியது. கோபுர நிழல் தரையில் விழாது என்பதும் அப்படித்தான். வெயில் சாயும் நேரத்தில் போய் நின்றால் நிழல் கண்ணெதிரே கிடக்கும். சின்ன வயதில் படமாகப் பார்த்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க, பிறகு எவ்வளவு எழுதினாலும் முடிவதில்லை. பிள்ளைகளுக்கு நல்ல எளிய உரைநடை கொடுங்கள், உண்மையான நிழற்படம் கொடுங்கள். ஓவியம் வேண்டாம்.

தூரிகை:
நான் வரைகிறவன், அதனால் இதை விட முடியவில்லை. பித்தன் சார், நீங்கள் காட்டும் தப்புகள் உண்மையானவை. ஆனால் அவை ஓவியத்தின் தப்பு இல்லை, விசாரிக்காமல் வரைந்ததன் தப்பு. எழுத்தில் மட்டும் அந்த 80 டன் கல் வரவில்லையா? யானைகளை முதலில் இழுத்துக்கொண்டு வந்ததே எழுத்துதான்.

‘இருக்கலாம்’ என்பதைப் படத்தில் போட முடியும். கிடைத்த சுவரைக் கெட்டிக் கோட்டிலும், ஊகித்த கூரையை விட்டுவிட்டு வரும் கோட்டிலும் வரைவது தொல்லியல்காரர்களின் பழைய வழக்கம். கீழடி உறைகிணற்றை, அதாவது சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணற்றை, அப்படி வரையலாம். தோண்டியெடுத்த சுடுமண் உறைகள் முழு வண்ணத்தில், பக்கத்தில் தண்ணீர் எடுக்கும் பெண் வெறும் பென்சில் கோட்டில். ஓரத்தில் ஒரே வரி: ‘உறைகள் கிடைத்தன, பெண் எங்கள் ஊகம்’. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். அவர்களே அடுத்த பக்கத்தில் எது ஊகம் என்று தேட ஆரம்பிப்பார்கள்.

சோழர் கால ஆள் ஒருவரை வரைய வேண்டும் என்றால் உடை, கொண்டை, காதணி எல்லாம் எங்கே பார்ப்பது? பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்நடையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். ஆடுகிற பெண்கள், வணங்கி நிற்கிறவர்கள், மீசை, தாடி, இடுப்புத் துணி எல்லாம் அங்கே இருக்கின்றன. ராஜராஜன் முகம் மட்டும் நிச்சயமாக இதுதான் என்று சொல்ல முடியாது. ராஜராஜனும் அவர் குரு கருவூர்த் தேவரும் என்று எல்லாரும் சொல்லும் அந்த ஓவியத்திலேயே அது அவர்கள்தானா என்ற கேள்வி உண்டு. அதனால் நான் அவரை முதுகுப் பக்கம் காட்டித்தான் வரைவேன்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும். ஒரு பதிப்பகம் எனக்கு அனுப்பிய ‘ஆதாரம்’ ஒரு சினிமா ஸ்டில். அதைப் பார்த்து இரண்டு வாரத்தில் புத்தகம் முழுக்க வரைந்து தரச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன், வேறொருவர் வரைந்தார். அட்டைக்கு ஒரு தொகை, உள்ளே எத்தனை படமானாலும் இன்னொரு தொகை என்று பேசும் வரைக்கும் பித்தன் சார் கோபப்படும் புத்தகங்கள்தான் வரும். முன்பு விகடனில் ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரில் உட்கார்ந்து வரைந்தார். அப்படி உட்கார வைக்க ஒரு பத்திரிகை அன்று தயாராக இருந்தது.

கல்வெட்டுப் பித்தன்:
விட்டுவிட்டு வரும் கோடு நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூரிகை, உங்களைப் போல ஒருவர் அப்படி வரைந்தால் பத்துப் பேர் சினிமா ஸ்டில்லைப் பார்த்து வரைவார்கள். கடையில் பளபளப்பது எதுவோ அதைத்தான் அப்பா அம்மா எடுப்பார்கள். நான் நடக்கிறதை வைத்துச் சொல்கிறேன்.

வடசென்னை வாத்தியார்:
நீங்கள் எல்லாரும் ராஜாவை எப்படி வரைவது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் வகுப்பில் இருப்பது மீன் ஏலம் எடுக்கிற வீட்டுப் பிள்ளைகள், லோடு ஏற்றுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். வழவழ தாளில் வரும் வண்ணப் புத்தகத்தின் விலை அவர்கள் வீட்டில் ஒரு நாள் சமையல் செலவு. அது பள்ளி நூலகத்துக்கு வந்தால்தான் அவர்கள் கைக்கு வரும். வந்த புத்தகங்களிலும் யானை, குதிரை, அரியணை. தங்கள் ஆட்கள் யாருமே இல்லை.

பக்கிங்காம் கால்வாயை எங்கள் பிள்ளைகள் நாற்றத்தை வைத்துத்தான் அறிவார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தபோது, நிவாரண வேலை என்று கூலிக்கு ஆள் வைத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. மண் சுமந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர்கள் கூடை தூக்குவதை, மண் கொட்டுவதை, வரிசையில் நின்று கூலி வாங்குவதை வரைந்து பாருங்கள். பறக்கும் ரயிலில் போகும்போது பிள்ளை கீழே எட்டிப் பார்க்கும்.

அடையாறு அம்மா:
வாத்தியார் ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பஞ்சத்தைப் பத்து வயசுக்குப் படமாகக் காட்ட வேண்டுமா? அந்தப் பஞ்சத்து நிழற்படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு நானே அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. என் பிள்ளைக்கு இன்னும் நாலு வருஷம் போகட்டும் என்றுதான் சொல்வேன்.

வடசென்னை வாத்தியார்:
அம்மா, அந்த நிழற்படங்களை எடுத்தவர் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டமாக உட்கார வைத்து எடுத்தார். அவற்றை நானும் வகுப்பில் காட்ட மாட்டேன். பித்தன் சார் ‘உண்மையான நிழற்படம் கொடுங்கள்’ என்றாரே, அவருக்கும் இதே பதில்தான். நிழற்படம் எடுத்தவர் நின்ற இடத்தில்தான் நம்மையும் நிற்க வைக்கிறது. ஓவியர் இடம் மாறி நிற்கலாம். மண் சுமக்கும் தாயின் பக்கத்தில் நின்று வரையலாம். அவளைக் காட்சிப் பொருளாக்காமல் வரையலாம். பசி என்னவென்று என் வகுப்பில் சிலருக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது ஏன் வந்தது என்பதைத்தான் புத்தகம் சொல்ல வேண்டும். மழை பொய்த்தது ஒரு பக்கம், இங்கே சாகும்போதே தானியம் கப்பலேறியது மறுபக்கம்.

மயிலை வாசகி:
அடையாறு அம்மாவுக்கு என் ஆதரவு பாதிதான். எந்த வயதில் என்பது வீட்டுக்கு வீடு மாறட்டும், ஆனால் புத்தகம் இருக்க வேண்டும். இல்லாத புத்தகத்தை நாலு வருஷம் கழித்தும் கொடுக்க முடியாது.

கல்வெட்டுப் பித்தன்:
வாத்தியார் நிழற்படம் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஒன்று கேட்கிறேன், தூரிகை பதில் சொல்லட்டும். பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு வந்த பெண்களின், பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்தி பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் இருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். முகம் மட்டும் இல்லை. ஒரு பக்கம் முழுக்க அந்தத் தெருவை மேலிருந்து வரைந்து, வீட்டுக்கு வீடு பெயர் எழுதி, ஒரு ஆளைக்கூட வரையாமல் விட்டால், அந்தப் புத்தகத்தை நானே வாங்கி நூலகத்துக்குக் கொடுப்பேன். விடுவீர்களா?

தூரிகை:
தெருவை நீங்கள் சொல்கிறபடியே வரைகிறேன் சார், பெயர்களையும் எழுதுகிறேன். ஆனால் ஆளில்லாத தெருவாக விட மாட்டேன். ஒருத்தியாவது வாசலில் நெல் அளந்து வாங்க வேண்டும், பென்சில் கோட்டில். கல்வெட்டின் படியெடுப்பு உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், முதல் சிறகிலிருந்து தொடங்குகிறேன்.