ஆமைக்கு வளவுக் களைகளில் எதைப் போடலாம்?

உப்புவெளி வளவு:
அப்பப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு நட்சத்திர ஆமை நிற்கிறது. அம்மா இவ்வளவு நாளும் பாண், தக்காளி, கோவா என்றுதான் போட்டு வந்தார், அது சரியில்லை என்கிறார்கள். மாரி முடிந்து வளவு முழுக்கக் களை, வெட்டி எறிவதை அதற்கே போடலாம் என்று பார்த்தால் எது எதுவென்று தெரியவில்லை. கிணற்றடியில் அருகம்புல், வேலியில் செவ்வரத்தை, நாயுண்ணி, பட்டிப்பூ. தரையோடு படரும் வட்ட இலைப் பூண்டு ஒன்று, நடுவில் மஞ்சளாக வெள்ளைப் பூ பூக்கிற இன்னொன்று. திருகோணமலை டவுனில் மான்கள் வேலிச் செடிகளைக் கடிக்கின்றனவே, அப்படியென்றால் ஆமைக்கும் ஒன்றும் செய்யாதுதானே?

கீரைக்காரி:
மானைப் பார்த்து ஆமைக்கு முடிவெடுக்காதீர்கள் தம்பி, அதன் வயிறு வேறு. நாயுண்ணியைத் தின்றால் மாட்டுக்கே ஈரல் கெட்டுப்போகும். பட்டிப்பூ, அலரி, எருக்கலை, ஊமத்தை எல்லாம் நஞ்சு, ஆமை உலாவுகிற பக்கம் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அருகம்புல்லைத் தாராளமாகப் போடலாம், செவ்வரத்தையில் இலை, பூ இரண்டும் நல்லது.

அந்த வட்ட இலைதான் ஆளை ஏமாற்றும். மூக்கிரட்டையும் சாரணையும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்கும், இரண்டிலும் சோடி இலையில் ஒன்று பெரிது மற்றது சிறிது, அதனால் இலையின் அளவை வைத்துப் பிரிக்க முடியாது. பூவைப் பாருங்கள். மூக்கிரட்டைக்கு மெல்லிய காம்பு நீண்டு அதன் நுனியில் பொட்டு மாதிரி இளஞ்சிவப்புப் பூக்கள் இருக்கும், காய் சாரத்தில் ஒட்டிக்கொள்ளும். சாரணையில் பூ இலைக் கக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும், தண்டை நசுக்கினால் சதைப்பிடிப்பாகத் தண்ணீர் விடும். மூக்கிரட்டை போடலாம். சாரணையில் ஒக்சலேட் அதிகம், அது உடம்பில் கல்சியம் சேர விடாது. பசளியும் அப்படித்தான்.

வெள்ளைப் பூ, நீண்ட காம்பில் ஒன்றே ஒன்றாக நின்று, இதழ் நுனி மூன்றாகப் பிளந்திருந்தால் மூக்குத்திப்பூ, பயமில்லை. இலை கரட் இலை போலக் கிழிந்து கிழிந்து, பூ சின்னச் சின்னதாகக் கொத்தாக இருந்தால் பார்த்தீனியம். அதைத் தொட்டாலே சிலருக்குக் கடிக்கும், வெறுங்கையால் பிடுங்க வேண்டாம்.

நிலாவெளி வாசி:
அக்கா சொன்னதோடு ஒன்று. களை நல்ல களையாக இருந்தாலும் களைநாசினி அடித்த இடத்திலும் தெருவோரத்திலும் பிடுங்காதீர்கள். பாதிக்கு மேல் புல்லாக இருக்கட்டும், மிச்சத்துக்குக் களைகளைக் கலந்து மாற்றி மாற்றிப் போடுங்கள். பாணை இன்றோடு நிறுத்துங்கள். கச்சான் காற்றில் வளவு காய்ந்த பிறகு நாகதாளி மடல் கைகொடுக்கும், முள்ளை நெருப்பில் வாட்டி எடுத்துவிட்டுத் துண்டாக்கிப் போடலாம்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். நட்சத்திர ஆமை இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் 2019இல் முதலாம் பட்டியலுக்கும் போய்விட்டது. அப்பப்பா காலத்து ஆமை என்பது அனுமதி ஆகாது. வனசீவராசிகள் திணைக்களத்தில் போய்ப் பேசுங்கள். நீங்களாகக் காட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டாம், நோய் ஏதும் இருந்தால் அங்குள்ளவற்றுக்கும் தொற்றிவிடும்.

உப்புவெளி வளவு:
நன்றி, திணைக்களத்துக்குப் போகிறேன். பூவைப் பார்த்தேன், கக்கத்துக்குள்தான் இருக்கிறது, அப்போ சாரணை. நேற்று ஒரு பிடி தின்றுவிட்டதே, பரவாயில்லையா?

கீரைக்காரி:
ஒரு பிடியில் ஒன்றும் ஆகாது, தினமும் அதையே போட்டால்தான் பிரச்சினை. காலை வெயில் படுகிற இடத்தில் விடுங்கள், வெயில் இல்லாவிட்டால் தின்கிற கல்சியமும் உடம்பில் பிடிக்காது. கல்சியத்துக்குக் கடையில் காசு கொடுக்கவும் தேவையில்லை, கடற்கரையில் கணவாய் ஓடு கிடக்கும். உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, காயவைத்துப் போட்டால் தேவையான நேரம் அதுவே கொறிக்கும்.